தனியாகப் பார்க்கத் தெரியாதவர்

எங்கள் சமையலறை ஜன்னல் கம்பியில் சாவிக்கொத்தால் தட்டும் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் ஓட வேண்டும். என்ன ஏது என்று கேட்கக் கூடாது. செருப்புத் தேட நேரம் இல்லை. "வாயேன், போயிடப் போவுது" என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கிசுகிசுக்கும். அந்தக் கிசுகிசுப்பு, மற்றவர்கள் கத்துவதைவிட நன்றாகவே மூன்று வீட்டுக்கும் கேட்கும்.

அவர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், நடையில் எப்போதும் ஓர் அவசரம். எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். புதுச்சேரியில் உப்பளம் பகுதி அரசு ஊழியர் குடியிருப்பின் கடைசி வரிசையில் மூன்றே வீடுகள். ஒரு கோடியில் அவர், நடுவில் நானும் என் கணவரும், மறுகோடியில் டிரைவர் அண்ணன் குடும்பம். மூன்று வீட்டுக்கும் பொதுவாகப் பின்னால் ஒரு தோட்டம். அதைத் தோட்டம் என்று சொன்னால் கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஒரு வேம்பு, ஒரு கொய்யா, முருங்கை, எலுமிச்சை, யாரும் வைக்காமல் தானே முளைத்த பப்பாளி, பாசி பிடித்த மதில், அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் ஒரு மனை, முள்ளும் கொடியுமாக. இதற்குள் இத்தனை உயிர்கள் குடித்தனம் நடத்துகின்றன என்பது அவர் வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை எனக்குத் தெரியாது.

இழுப்பது என்றால் நிஜமாகவே இழுப்பார். நாடி பார்ப்பது போல மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, பூனை நடை நடந்து, பார்க்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். அப்புறம் அந்தப் பறவையையோ பூச்சியையோ பார்க்க மாட்டார். நம் முகத்தைப் பார்ப்பார். நம் கண் அதைக் கண்டுபிடித்துவிட்டது என்று தெரிந்த நொடியில் அவர் முகம் மலரும். அதற்குப் பிறகுதான் அவரே திரும்பி நிதானமாகப் பார்ப்பார்.

ஆள் பேதம் கிடையாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒருமுறை எலுமிச்சைச் செடிக்கு முன்னால் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இலைமேல் காக்கை எச்சம் மாதிரி கிடந்த ஒரு புழு மெல்லத் தலையைத் தூக்குவதை அவருக்குக் காட்டியிருந்தார் சிஸ்டர். தெருவில் அவர் விட்டுவந்த வண்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் எங்கள் வரிசைக்குக் கடைசியாகத்தான் வருவார். முதலில் வந்தால் மற்ற தெருக்களுக்குப் போக முடியாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் சிஸ்டரிடமே கேட்டுவிட்டேன், நீங்கள் மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாதா என்று. அவர் கணவருக்குக் காரைக்காலில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மகன் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் பேச ஆள் இல்லாததால்தான் இப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

"நைட் டூட்டில எத்தினியோ தனியா பாக்குறேன்மா. அது போதும்" என்றார். அதைச் சொன்ன கையோடு, கொய்யா மரத்தில் அணில் கூட்டுக்குப் பஞ்சு சுமப்பதைப் பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரை மாஹேவுக்கு மாற்றிச் சில வருஷம் ஆகிறது. எங்கள் ஊரில் அரசு வேலை என்றால் காரைக்காலுக்கோ மாஹேவுக்கோ ஒருமுறையாவது போய்த்தான் ஆக வேண்டும். மலையாளம் தெரியாமல் அங்கே எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று போனில் கேட்டேன். கையைப் புடிச்சி இழுக்கிறதுக்கு பாஷை எதுக்கு என்றார்.

நான் சொல்ல வந்தது அவர் இங்கே கழித்த கடைசி வசந்தத்தைப் பற்றி. வசந்தம் என்று ஒன்று புதுச்சேரியில் உண்டா என்று யாரும் கேட்பார்கள். வெயில், கடும் வெயில், மழை, புயல் என்றுதான் எங்களுக்குத் தெரியும். சிஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். தை பிறந்ததிலிருந்து பங்குனி முடிகிற வரைக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது, நாம் விசிறியைத் தேடிக்கொண்டிருப்பதால் அதைத் தவறவிடுகிறோம் என்பார். அந்த வருஷம் பனிக்காலம் என்று ஒன்று வந்ததாகவே தெரியவில்லை. மார்கழியில் கோலம் போடக் குனிந்தால் முதுகில் ஈரம் இறங்கும். அந்த முறை அதுவும் இல்லை. கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் வேம்பு இலையைக் கொட்டத் தொடங்கிவிட்டது. சிஸ்டர் அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் எல்லாரும் சீக்கிரமே வந்துடுவாங்க என்றார், விருந்தாளிகளைப் பற்றிச் சொல்வது போல.

சொன்ன மாதிரியே வந்தார்கள். முதலில் குண்டுக்கரிச்சான். மழைக்காலம் முழுக்க வாயே திறக்காத அந்தக் கறுப்பு வெள்ளைக் குருவி ஒரு விடிகாலையில் டிரைவர் அண்ணன் வீட்டு டிஷ் ஆன்டெனா மேல் உட்கார்ந்து பாட ஆரம்பித்தது. சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் சிஸ்டர். வாசலில் நின்று அதற்கு "போன்ழூர் முசியே" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எங்கள் ஜன்னலைத் தட்டினார். இரண்டு நாள் கழித்து மதில் மேல் ஓர் ஓணான், கழுத்து முழுக்கக் குங்குமத்தைப் பூசிக்கொண்டு தண்டால் எடுத்தது. அப்புறம் எங்கள் துணிக்கொடியின் நுனியில் ஒரு தேன்சிட்டு நாரும் சிலந்தி வலையுமாகத் தொங்கவிட்டுக் கூடு கட்டத் தொடங்கியது. அன்றிலிருந்து எங்கள் துணிகளுக்கு அந்தக் கொடியில் இடம் இல்லை. சிஸ்டர் தன் வீட்டு ஜன்னலிலிருந்து முருங்கைக்குப் புதிதாக ஒரு கயிறு கட்டிக் கொடுத்தார்.

சாவிக்கொத்து ஒரு நாளைக்கு ஒருமுறை தட்டியது போய், இரண்டு முறை, மூன்று முறை ஆனது. தட்டும் சத்தம் கேட்டதும் எனக்கே நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. அலுவலகத்தில் கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இன்று என்ன வந்திருக்குமோ என்று மனம் வீட்டுக்கு ஓடும்.

அந்தத் தை மாதத்திலேயே என் நாத்தனாரைப் பெண் பார்க்கக் காலாப்பட்டிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பஜ்ஜியும் கேசரியும் வைத்துவிட்டு, யார் முதலில் பேச்சைத் தொடங்குவது என்று எல்லாரும் காத்திருந்த நேரத்தில் ஜன்னலில் தட்டல். நான் கேட்காத மாதிரி இருந்தேன். இரண்டாவது முறை தட்டாமல் சிஸ்டர் பின்வாசல் வழியாக உள்ளேயே வந்துவிட்டார். கூடத்தில் புது மனிதர்கள் இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் உற்சாகம். கீரி ஒன்று குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது, வரிசையாகப் போகின்றன, ஒன்றின் வாலை ஒன்று விடாமல், என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து எழுப்பினார். அது மாப்பிள்ளையின் அம்மா.

என் மாமியாருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அந்த அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனார். பின்னாலேயே மாப்பிள்ளையும் போனார். மாப்பிள்ளையின் மாமா மட்டும் கேசரியை விட்டு எழுந்திருக்கவில்லை. உள்ளே திரும்பி வந்தபோது, அதுவரை யாரோ எவரோ என்று உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீரியைப் பார்ப்பதே யோகம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். பேச்சு நல்லபடியாக முடிந்தது. நாத்தனார் அப்புறம் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள், மாப்பிள்ளை மண்ணில் மண்டி போட்டுப் பார்த்துவிட்டு, முழங்கால் அழுக்கோடு வந்து சபையில் உட்கார்ந்தாரே, அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது அண்ணி என்று.

அதே மாதம் மாமியாரைக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. சிஸ்டருடைய வார்டுதான். நான் சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே நுழைந்ததும் முன்பின் தெரியாத ஒரு பாட்டி கட்டிலிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். நீதானே அந்தத் துணிக்கொடி வீட்டுப் பெண், குஞ்சு பொரித்துவிட்டதா என்று கேட்டார். பக்கத்துக் கட்டில் அம்மாவும் கழுத்தை நீட்டினார். இடுப்பில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஒருத்தி, நேத்து மழைத்தூறல் போட்டதே கூடு நனைந்ததா என்றாள். எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கிய கைப்பிடி அளவுக் கூட்டை அந்த வார்டே சுமந்துகொண்டிருந்தது. நானும் அவர்களுக்காகவே தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். குஞ்சுகள் வாயைத் திறந்த செய்தியைக் கொண்டுபோன அன்று அவர்கள் கைதட்டினார்கள்.

இந்த உற்சாகத்தில் சேராத ஒரே ஆள் என் கணவர். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அவருக்கு இரவு ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால் மத்தியானம் வரை தூங்கினால்தான் மறுபடி வேலைக்குப் போக முடியும். சாவிக்கொத்துச் சத்தம் அவருக்குத் தலையில் ஆணி அடிப்பது மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாவது தட்டலுக்கு எழுந்து போய், மனுஷன் தூங்க வேணாமா சிஸ்டர், குருவி நாளைக்கும் இருக்கும் என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். சிஸ்டர் சங்கடப்பட்டு, மன்னிச்சிக்கோ தம்பி என்று போனார். மறுநாள் சத்தம் வராமல் தட்டுவதற்காகச் சாவிக்கொத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

மாசி பாதியில் டிரைவர் அண்ணன் வீட்டில் அது நடந்தது. அரசுத் துறை ஒன்றில் ஜீப் ஓட்டுகிறவர் அவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் புறாவைப் பற்றித்தான். மொட்டை மாடியில் கூண்டு கட்டி வளர்த்தார். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மேலே போய்விடுவார். கர்ணம் அடிக்கும் புறாக்களில் தூய வெள்ளையாக ஒரு பெட்டை இருந்தது. வெள்ளச்சி என்று கூப்பிடுவார். தோளில் வந்து உட்காரும். ஒரு காலையில் கூண்டின் மூலையில் கம்பி வளைந்திருந்தது, வெள்ளச்சியும் அதன் ஜோடியும் இல்லை. தரையில் கொஞ்சம் இறகும் ரத்தமும். அடுத்த வாரம் இன்னும் இரண்டு போயின. மாடித் தூசியில் கால் தடத்தைப் பார்த்துவிட்டு, இது பூனை இல்லை, மரநாய் என்றார் அவர். பழம் தின்னும், கோழி புறாவையும் விடாது, கூரை இடுக்கில் பகலெல்லாம் தூங்கிவிட்டுப் பொழுது சாய்ந்ததும் கிளம்பும் அந்தப் பிராணியை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் நேராக சிஸ்டரிடம்தான் வந்தார். இந்தத் தோட்டத்தில் எது அசைந்தாலும் முதலில் தெரிவது அவருக்குத்தானே. நான் அப்போது சிஸ்டர் வீட்டு வாசலில் நின்று கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். மரநாய் எங்கேயாவது கண்ணில் பட்டதா, எங்கே அடைகிறது என்று தெரியுமா என்று டிரைவர் அண்ணன் கேட்டார். கண்கள் சிவந்திருந்தன. சிஸ்டர் பார்க்கவில்லை என்றார். பார்த்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க என்று சொல்லிவிட்டு அவர் போனார். சிஸ்டர் கறிவேப்பிலையை என் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றோடு சாவிக்கொத்துச் சத்தம் நின்றது.

ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது. வேம்பு தளிர்த்துப் பூவும் விட்டுத் தோட்டமே தேன் வாசனையில் மிதந்தது. குயில் ஓயாமல் கூவியது. பச்சைக்கிளிகள் கூட்டமாக வந்து இறங்கின. எலுமிச்சையில் கிடந்த புழுக்கள் பட்டாம்பூச்சிகளாகிப் பறந்தன. எங்களைக் கூப்பிட ஆள் இல்லை. வழியில் பார்த்தால் சிஸ்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நடப்பார், பல்வலி வந்தவர் மாதிரி. மருத்துவமனைப் பக்கம் போனபோது அந்த இடுப்புக் கட்டுப் பெண், சிஸ்டருக்கு உடம்பு சரியில்லையா, ஒன்றுமே சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்று என்னிடம் விசாரித்தாள்.

ஆச்சரியம் என்னவென்றால் என் கணவருக்குத் தூக்கம் வரவில்லை. அமைதியாக இருக்கிறதே, தூங்குங்களேன் என்றால், தட்டப் போகிறார் என்று காத்துக்கொண்டே படுத்திருப்பதாகச் சொன்னார். தான் கத்தியதை நினைத்து அவர் மனம் குறுகிப்போயிருந்தது. ஒருநாள் பாதித் தூக்கத்தில் எழுந்து, கடைக்குப் போய் ஆப்பிள் வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சிஸ்டர் வீட்டுக்குப் போனார். அன்று சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்மேல எனக்கு இன்னா கோவம் தம்பி. என் வாயி மேலதான் எனக்கு பயமா இருக்குது" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் புதிதாக வடித்த சோற்றின் வாசனை கமகமவென்று வந்துகொண்டிருந்தது, பச்சரிசியில் ஏதோ நல்ல ரகம் போல. என்ன அரிசி சிஸ்டர் என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டு, கடையில் ஏதோ கொடுத்தான் என்றார். அடுப்பு மேல் ஒன்றுமே இல்லை என்பதை வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன்.

பங்குனி பிறந்தது. புறாக்கள் இன்னும் குறைந்துகொண்டிருந்தன. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டிரைவர் அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தார். சிஸ்டரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். வாழைப்பழத்தில் மருந்து வைக்கப்போகிறார். இன்று இரவு மதில் மேல் வரிசையாக வைப்பார். காலையில் அவரே எடுத்துப் புதைத்துவிடுவார். அதுவரை யாரும் பின்பக்கம் வர வேண்டாம், பூனை நாய் வந்தால் விரட்டிவிடுங்கள். சொல்லாமல் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. சட்டைப்பையில் ஒரு காகிதப் பொட்டலம் துருத்திக்கொண்டு தெரிந்தது.

சிஸ்டர் அதையே பார்த்தார். அப்புறம் சட்டென்று எட்டி டிரைவர் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா" என்றார். "சத்தம் போடாம வா."

அவரை ஒருமையில் சிஸ்டர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரும் திகைத்துப்போய், இழுத்த இழுப்புக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். சிஸ்டர் வீட்டின் பின்பக்கம் தட்டுமுட்டுச் சாமான் போடும் சின்ன அறை ஒன்று உண்டு. மேலே வெளிச்சம் வர வைத்த திறப்பில் கண்ணாடி உடைந்திருந்தது. கதவைத் திறந்ததும் அந்தப் புதுச்சோற்று வாசனை முகத்தில் அடித்தது. சிஸ்டர் ஒரு ஸ்டூலைக் காட்டினார். டிரைவர் அண்ணன் ஏறினார். நான் பக்கத்தில் இருந்த டிரம் மேல் ஏறிக்கொண்டேன்.

பரண் மேல் பழைய கொசுவலைச் சுருளுக்குள் மரநாய் படுத்திருந்தது. அந்த வாசனை அதன் உடம்பிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பூனையைவிட நீளம், சாம்பலும் கறுப்புமாக, கண்ணைச் சுற்றிக் கறுப்பு வைத்த முகம். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள். தாய் எழுந்து ஓடவில்லை. மூச்சு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது. எங்களைப் பார்த்தபடியே ஒரு குட்டியை முன்காலால் தன்பக்கம் அணைத்துக்கொண்டது. இன்னொரு குட்டி அதன் முதுகில் ஏறப்போய், வழுக்கி விழுந்து, மறுபடி ஏறியது.

கொசுவலை மடிப்பில் ஒரு வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே டிரைவர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். சிஸ்டர் நினைத்திருந்தால் அதை எப்போதோ எடுத்துப் போட்டிருக்கலாம். எடுக்கவில்லை.

"இது என் வெள்ளச்சி றெக்க" என்றார் அவர்.

சிஸ்டர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் கை இன்னும் டிரைவர் அண்ணனின் கையை விடவில்லை. எப்போதும் போல அவர் பரணைப் பார்க்கவில்லை, அண்ணாந்து டிரைவர் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அன்று எதுவும் மலரவில்லை. டிரைவர் அண்ணன் வெகுநேரம் ஸ்டூல் மேலேயே நின்றார். விழுந்த குட்டி மூன்றாவது முறை ஏறிச் சேர்ந்தது. பிறகு அவர் இறங்கினார்.

"எத்தினி நாளா தெரியும்?"

"நீ வந்து கேட்ட அன்னிக்கி காலையிலதான் பாத்தேன்."

"வாசல்ல நின்னு கேட்டனே சிஸ்டர். இல்லன்னு சொன்னீங்களே."

டிரைவர் அண்ணன் தன் கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு மதில் மேல் எதுவும் வைக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மொட்டை மாடியில் சுத்தியல் சத்தம். கூண்டைச் சுற்றி நெருக்கமான கம்பி வலையை இரட்டையாக அடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் தூக்கத்தை விட்டுவிட்டு மேலே போய் வலையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு புறா எதுவும் போகவில்லை.

ஆனால் டிரைவர் அண்ணன் சிஸ்டரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரில் வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். சிஸ்டர் அவர் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார். பாத்திரம் கழுவி வந்தது, வார்த்தை வரவில்லை. பிராணியைக் கொல்லாமல் விட்டதற்கு நன்றி சொல்லக்கூட சிஸ்டருக்கு வழி கிடைக்கவில்லை. அவன் அடிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்ளோ கஷ்டமா இருந்திருக்காது என்று என்னிடம் சொன்னார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. ஜன்னலில் மறுபடியும் தட்டல் கேட்டது. பரண் குட்டிகள் கண்ணை உருட்டி விளையாடுவதை நானும் என் கணவரும் தினமும் போய்ப் பார்த்தோம். வார்டுக்கும் செய்தி போனது. இருந்தும் சிஸ்டரின் உற்சாகத்தில் ஒரு கால் நொண்டியது. எதைக் காட்டினாலும் கடைசியில் ஒருமுறை மூன்றாவது வீட்டு மாடியைப் பார்த்துக்கொள்வார்.

பங்குனி முடியும் தறுவாயில் ஒரு சாயங்காலம், வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, தாய் குட்டிகளை வெளியே கிளப்பியது. சிஸ்டர் எங்களைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாவது வீட்டு வாசலுக்கும் ஓடினார். டிரைவர் அண்ணனின் மனைவிதான் வந்தார். அவர் மேலே புறாவுக்குத் தீனி போடுகிறார் என்றார். சிஸ்டர் அண்ணாந்து பார்த்தார், கூப்பிடவில்லை. எங்களோடு வந்து கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டார்.

உடைந்த திறப்பிலிருந்து முதலில் தாயின் தலை வந்தது. சன்ஷேடில் இறங்கி, மதிலுக்குத் தாவி, திரும்பிப் பார்த்தது. பின்னால் ஒரு குட்டி. அதன் பின்னால் இன்னொன்று, தாவும்போது கால் நழுவி, தொங்கி, ஏறிக்கொண்டது. என் கணவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். தாயும் இரண்டு குட்டிகளும் மதில் மேல் ஓடி முருங்கைக் கிளைகளுக்குப் பின்னால் மறைந்தன. அப்புறம் அந்தப் பக்கத்து மனையில் கொடிகள் சரசரத்தன. மூன்றாவது குட்டியைக் காணோம். சிஸ்டர் ஓடிப்போய் அறைக்குள் பரணைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கேயும் இல்லை. மதிலோரம், எலுமிச்சைச் செடிக்கு அடியில், கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் எல்லாம் குனிந்து குனிந்து தேடினார். எங்கேயாவது விழுந்திருந்தால் பருந்தோ நாயோ விட்டுவைக்காது.

"சிஸ்டர், அங்க தேடாதீங்க."

மேலே டிரைவர் அண்ணன் கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளங்கையில் இருந்த தானியம் கீழே சிந்திக்கொண்டிருந்தது.

"முருங்கைக்குப் பின்னால, மதிலு மேல. நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்த ஒண்ணு எறங்கத் தெரியாம நிக்குது. அதுங்கம்மா கீழயிருந்து கூப்புடுது."

சிஸ்டர் முருங்கையடிக்கு ஓடினார். எக்கி எக்கிப் பார்த்தார். அவர் உயரத்துக்கு இலைதான் தெரிந்தது.

"அங்கேருந்து உங்களுக்குத் தெரியாது" என்றார் டிரைவர் அண்ணன். "மேல வாங்க. சீக்கிரம் வாங்க சிஸ்டர்."

சிஸ்டர் எப்படி அந்தப் படிகளை ஏறினார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இரண்டாவது படியில் இருக்கும்போதே மேலே இருவர் குரலும் சேர்ந்து கேட்டது. மூச்சு வாங்க நாங்கள் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதில் காலியாக இருந்தது. குட்டி குதித்துத் தாயிடம் போய்விட்டதாம். அது எப்படி முன்காலை நீட்டி நீட்டிப் பின்வாங்கியது, தாய் எப்படி அண்ணாந்து கூப்பிட்டது, கடைசியில் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு குதித்தது என்று இருவரும் மாற்றி மாற்றி எங்களிடம் சொன்னார்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டதா இல்லையா என்பதில் இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது. புறாக்கள் தீனிக்காக அவர்கள் காலைச் சுற்றிக் குனுகிக்கொண்டிருந்தன. தெருவிளக்கு எரிந்த பிறகும் அவர்கள் கீழே இறங்கவில்லை.